அரசன் பெயரே ஒரு வாக்கியம்: பாபிலோன், அசீரிய மன்னர்களின் பெயர்களைப் படிப்பது எப்படி

சனகெரிப், எசரத்தோன், நேபுகாத்நேச்சார், பெல்ஷாத்சார். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் பழக்கம்தான். மற்றவர்களும் தொங்கும் தோட்டத்தைப் பற்றிய பள்ளிப் பாடத்தில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். நம் காதுக்கு இவை வெறும் ஒலிக்கூட்டம். ஆனால் இவை பிறந்த அக்காதிய மொழியில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில் இருந்த பாபிலோனும் அசீரியாவும் பேசிய பழைய மொழியில், ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியம். பலவற்றில் தமிழில் இருப்பதைப் போலவே முதலில் எழுவாய், அடுத்து செயப்படுபொருள், கடைசியில் வினை என்று வருகிறது. அந்த வாக்கியத்தைப் பிரித்துப் படித்தால், மன்னர்கள் தங்கள் கல்வெட்டுகளில் வாய்திறக்காத சில செய்திகள் தெரிய வருகின்றன. எந்தப் பிள்ளை எத்தனையாவதாகப் பிறந்தான், அவன் பிறந்தபோது அப்பா அரசனா அதிகாரியா, யாருடைய சிம்மாசன உரிமை ஆட்டம் கண்டிருந்தது என்பதையெல்லாம் பெயரிலிருந்தே ஊகிக்க முடிகிறது.

சனகெரிப்பையே எடுத்துக்கொள்வோம். அசீரியர்கள் அவரை 'சின்-அஹ்ஹே-எரிபா' என்று அழைத்தார்கள். சின் என்பது சந்திரக் கடவுள். 'சின் சகோதரர்களை ஈடுசெய்தார்' என்பது பொருள். அவருக்கு முன் பிறந்த ஆண்பிள்ளைகள் இறந்துபோய், அந்த இழப்புக்குப் பதிலாகக் கிடைத்த குழந்தை என்பதால் வைத்த பெயர். கி.மு. 701-இல் யூதாவின் அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்து, எருசலேமில் எசேக்கியா ராஜாவைக் கூண்டுப் பறவையைப் போல் அடைத்துவைத்தேன் என்று எழுதிவைத்த மன்னர் இவர். அந்தப் பெருமைப் பேச்சு எதிலும் இந்தக் குடும்பத் துக்கம் இல்லை. பெயரில் மட்டும் இருக்கிறது.

அவருடைய மகன் எசரத்தோன். மூலப் பெயர் 'அஷூர்-அஹா-இத்தினா', அதாவது 'அஷூர் ஒரு சகோதரனைக் கொடுத்தார்'. அஷூர் அசீரியர்களின் தலைமைக் கடவுள். இது மூத்த பிள்ளைக்கு வைக்கும் பெயர் அல்ல. ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுத்து பிறந்தவனுக்கு வைப்பது. எசரத்தோனும் தன் கல்வெட்டில், மூத்த அண்ணன்மாருக்கு நான் இளையவன் என்று ஒப்புக்கொள்கிறார். இளையவன் எப்படிப் பட்டத்துக்கு வந்தார் என்பது பெரிய கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இந்தப் பெயர்களின் கட்டுமானத்தைப் பார்த்துவிடலாம். புழங்கும் சொற்கள் அதிகம் இல்லை. தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு கடவுள்: அஷூர், மர்துக், நபூ, சின், சமாஷ், அதாத், நெர்கல். நடுவில் என்ன வேண்டும் என்பது: 'அப்லு' என்றால் வாரிசு, 'அஹு' என்றால் சகோதரன், 'ஷர்ரு' என்றால் அரசன், 'ஷுமு' என்றால் பெயர். கடைசியில் வினை: 'உசுர்' என்றால் காப்பாற்று, 'இத்தினா' என்றால் கொடுத்தார், 'உகின்' என்றால் நிலைநிறுத்தினார். இந்தப் பத்துப் பதினைந்து சொற்கள் பழகிவிட்டால் அரசர் பட்டியலில் பாதியைப் படித்துவிடலாம். நபூ-அப்லா-உசுர், 'நபூவே, வாரிசைக் காப்பாற்று'. இதுதான் நபோபொலாசர். நபூ-குதுர்ரி-உசுர், 'நபூவே, என் தலைப்பிள்ளையைக் காப்பாற்று'. இதுதான் நேபுகாத்நேச்சார். மர்துக்-அப்லா-இத்தினா, 'மர்துக் வாரிசைக் கொடுத்தார்'. ஏசாயா புத்தகத்தில் மெரோதாக் பலாதான் என்று வருபவர் இவரே. அஷூர்-பானி-அப்லி, 'வாரிசைப் படைப்பவர் அஷூர்'. இவர் அசீரியத் தலைநகரான நினிவேயில் நூலகத்தை உருவாக்கிய அஷூர்பனிபால்.

வாரிசு, வாரிசு, வாரிசு. இத்தனை பெரிய சாம்ராஜ்யங்களின் அரசர் பெயர்களில் வெற்றி, வாள், வீரம் எல்லாம் அபூர்வமாகவே வருகின்றன. திரும்பத் திரும்ப வருவது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற கவலைதான். 'ஷுமு' என்ற சொல் பெயரையும் சந்ததியையும் சேர்த்தே குறிப்பது தற்செயல் அல்ல. பிள்ளை இல்லாதவனுக்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை என்று நினைத்த சமூகம் அது.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. வாரிசைக் காப்பாற்று என்று பெயர் இருப்பதால் ஒருவர் ராஜ வம்சம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நபோபொலாசர் தன்னையே 'பேர்தெரியாத ஒருவனின் மகன்' என்று கல்வெட்டில் சொல்லிக்கொண்டார். கி.மு. 626-இல் பாபிலோனில் அரியணை ஏறி, 612-இல் ஈரானைச் சேர்ந்த மேதியர்களோடு சேர்ந்து நினிவேயை வீழ்த்தியவர். சாதாரணக் குடும்பமும் வாரிசுக்காகத்தானே வேண்டிக்கொள்ளும்!

இதைவிடத் துப்பு கொடுப்பவை 'ஷர்ரா-உசுர்' என்று முடியும் பெயர்கள். 'கடவுளே, அரசனைக் காப்பாற்று.' யோசித்துப் பாருங்கள், ஓர் அரசர் தன் சொந்தப் பிள்ளைக்கு ஏன் இப்படிப் பெயர் வைக்க வேண்டும்? அரண்மனைச் சம்பளத்தில் வாழும் அதிகாரிகள் வீட்டில், ஆளும் மன்னர் மீதான விசுவாசத்தைக் காட்டி வைக்கும் பெயர் இது. நெர்கல்-ஷர்ரா-உசுர், அதாவது நெரிக்லிசார், கி.மு. 560-இல் பாபிலோன் அரியணையில் உட்கார்ந்தார். அவர் அரசர் மகன் அல்ல. உயர் அதிகாரியாக இருந்து, நேபுகாத்நேச்சாரின் மருமகனாகி, பின்பு ஆட்சியைப் பிடித்தவர். பெயர் அவர் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இதே கண்ணோடு பெல்ஷாத்சாரைப் பாருங்கள். பேல்-ஷர்ரா-உசுர், 'பேல் கடவுளே, அரசனைக் காப்பாற்று'. தானியேல் புத்தகத்தில் சுவரில் எழுதிய கையைக் கண்டு நடுங்கும் அந்த ராஜா. ஆப்பெழுத்து ஆவணங்களின்படி, அதாவது களிமண்ணில் ஆப்பு வடிவக் குறிகளால் எழுதிய அந்தக் காலத்துப் பலகைகளின்படி, அவர் முடிசூடிய அரசர் அல்ல. கடைசிப் பாபிலோன் மன்னர் நபோனிதஸின் மூத்த மகன். அப்பா பத்து ஆண்டுகள் அரேபியாவின் தேமா சோலையில் போய்த் தங்கியிருந்த காலத்தில் பாபிலோனில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ஊர்' (Ur) என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் உருளைகளில், நபோனிதஸ் இந்த மகனுக்காகச் சந்திரக் கடவுளிடம் வேண்டிக்கொள்வது தெரியவந்த பிறகுதான், பெல்ஷாத்சார் உண்மையில் வாழ்ந்தவர் என்பது உறுதியானது. அந்த உருளைகள் இல்லாவிட்டாலும் பெயர் ஒன்றைச் சொல்லியிருக்கும்: இந்தப் பிள்ளை பிறந்தபோது அப்பா அரசர் அல்ல, அரசவையைச் சேர்ந்த ஒருவர். நபோனிதஸ் கி.மு. 556-இல் ஒரு சதிக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர். பெயரும் வரலாறும் இங்கே ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

நபோனிதஸ் இன்னொரு பாடத்தையும் கற்றுத்தருகிறார். நபூ-நாயித், 'நபூ போற்றப்படுகிறார்' என்று பெயர். ஆனால் அவர் பெரிதும் பக்தி செலுத்தியது சந்திரக் கடவுள் சின்னுக்கு. ஹாரான் நகரத்தில் இருந்த சின் கோயிலைத் திரும்பக் கட்டினார். அதற்காகப் பாபிலோனின் தலைமைக் கடவுளான மர்துக்கின் பூசாரிகளுடைய கோபத்தைச் சம்பாதித்தார். அதனால் பெயரில் இருக்கும் கடவுள் பெற்றோரின் பக்தியையும் காலத்தின் வழக்கத்தையும் காட்டும். சுமந்தவரின் நம்பிக்கையைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

சரி, எசரத்தோன் கதைக்கு வருவோம். சனகெரிப்பின் மூத்த மகன் அஷூர்-நாதின்-ஷுமி. 'அஷூர் பெயரைக் கொடுப்பவர்' என்று பொருள். தலைப்பிள்ளைக்கு ஏற்ற பெயர். அவரைப் பாபிலோனில் அரசராக அமர்த்தினார் அப்பா. கி.மு. 694-இல் கிழக்கே இருந்த ஏலாம் நாட்டினர் (ஏலாமியர்கள்) அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு அவர் கதை முடிந்தது. ஆத்திரமடைந்த சனகெரிப் 689-இல் பாபிலோனையே தரைமட்டமாக்கினார். அடுத்த பட்டத்து இளவரசர் அர்தா-முலிஸ்ஸு. பல ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தவரை ஒதுக்கிவிட்டு, இளையவரான எசரத்தோனை வாரிசாக அறிவித்தார் மன்னர்.

அப்போதுதான் பெயரில் ஒரு சிக்கல் எழுந்தது. 'அஷூர் ஒரு சகோதரனைக் கொடுத்தார்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிப் பட்டத்து இளவரசராக இருப்பது? பெயரைச் சொல்லும்போதெல்லாம் மூத்தவர்கள் இருப்பது நினைவுக்கு வருமே! சனகெரிப் மகனுக்குப் பொன் வளையல், தந்தப் பொருள்கள் எல்லாம் கொடுத்து எழுதிய ஒரு சிறு ஆவணம் கிடைத்திருக்கிறது. அதில், என் மகன் எசரத்தோன் இனிமேல் 'அஷூர்-எதெல்-இலானி-முகின்-அப்லி' என்று அழைக்கப்படுவான் என்கிறார். 'தேவர்களின் தலைவரான அஷூரே வாரிசை நிலைநிறுத்துபவர்' என்று பொருள். சகோதரன் போய் வாரிசு வந்தாயிற்று. இந்தப் பெயர் ஊரில் நிலைக்கவில்லை. மன்னரானதும் அவர் பெரும்பாலும் பழைய பெயரையே பயன்படுத்தினார். ஆனாலும் அந்த ஒரு வரியில் அப்பா பட்ட கவலை புரிகிறது. கவலைப்பட்டதில் தவறும் இல்லை. கி.மு. 681-இல் சனகெரிப் தன் மகனாலேயே கொலைசெய்யப்பட்டார்.

கொன்றது யார்? இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் அத்ரமலேக்கு என்று ஒரு பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயரில் சனகெரிப்புக்கு மகன் இருந்ததாக எந்த அசீரிய ஆவணமும் காட்டவில்லை. இந்த முடிச்சை 1980-இல் அவிழ்த்தவர் பின்லாந்து அறிஞர் சிமோ பர்ப்போலா. நினிவேயில் கிடைத்த ஒரு சிதைந்த கடிதம் நெடுங்காலமாக அறிஞர்களின் கையில் இருந்தது. அதில் வரும் இளவரசரின் பெயரை அதுவரை 'அராத்-நின்லில்' என்று படித்துவந்தார்கள். நின்லில் என்று எழுதும் பெண் தெய்வத்தின் பெயரை அசீரியர்கள் 'முலிஸ்ஸு' என்று உச்சரித்தார்கள் என்பதை வைத்து, பர்ப்போலா அதை 'அர்தா-முலிஸ்ஸு' என்று படித்தார். எபிரேயரின் அத்ரமலேக்கு இந்தப் பெயரின் சிதைந்த வடிவம் என்பது உடனே விளங்கியது. கடிதத்தின் உள்ளடக்கம் இன்னும் பயங்கரம். சதியை அறிந்த ஒருவர் மன்னரிடம் சொல்ல வருகிறார். இடையில் இருந்த அதிகாரிகள் அவர் முகத்தைத் துணியால் மூடி, அர்தா-முலிஸ்ஸுவின் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். மன்னரிடம் பேசுவதாக நினைத்து அவர், 'உங்கள் மகன் அர்தா-முலிஸ்ஸு உங்களைக் கொல்லப் போகிறார்' என்று சொல்லிவிடுகிறார். ஒரு பெயரைச் சரியாகப் படித்ததால் 2,600 ஆண்டுப் பழைய கொலை வழக்கில் குற்றவாளி கிடைத்தார்.

தவறாகப் படிக்க நேர்வதற்குக் காரணம் எழுத்து முறை. அக்காதியத்தை எழுதியவர்கள் அதைவிடப் பழைய சுமேரிய மொழியின் குறியீடுகளைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். எழுதுவது சுமேரியம், படிப்பது அக்காதியம். பெயர்களில் இது இன்னும் தீவிரம். தெய்வப் பெயர்களை எண்ணாகவே எழுதும் வழக்கமும் இருந்தது. சந்திர மாதத்துக்கு 30 நாள் என்பதால் சின்னின் எண் 30. சூரியக் கடவுள் சமாஷுக்கு 20, பெண் தெய்வம் இஷ்தாருக்கு 15. சனகெரிப்பின் பெயரைப் பல பலகைகளில் தெய்வக் குறி, 30, சகோதரர், பன்மைக் குறி, ஈடு என்று ஐந்து குறிகளில் முடித்துவிடுவார்கள். உச்சரிப்பு தெரிந்தவர்தான் படிக்க முடியும். இப்படிப்பட்ட எழுத்தை வாசிக்க முடியும் என்று சொன்னபோது 19-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பவில்லை. அதனால் 1857-இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி ஒரு சோதனை வைத்தது. ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பெர்ட் ஆகிய நால்வரும் ஒரே கல்வெட்டைத் தனித்தனியாக மொழிபெயர்த்து, முத்திரையிட்ட உறையில் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் நான்கும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போயின. அது முதலாம் திக்லாத்-பிலேசரின் கல்வெட்டு. அவருடைய பெயரும் வாக்கியமே: துகுல்தி-அபில்-எஷார்ரா, 'என் நம்பிக்கை எஷார்ராவின் மகன் மேல்'. எஷார்ரா அஷூர் கடவுளின் கோயில். அதன் மகன் நினுர்தா.

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் பிறந்தபோது வைத்த பெயர்கள். அரியணை ஏறும்போது தேர்ந்தெடுத்த பெயர்கள் வேறு ரகம். அங்கே பெற்றோரின் வேண்டுதலுக்கு இடம் இல்லை, அரசியல் மட்டுமே. ஷர்ரு-கின் என்ற சர்கோனின் பெயர் இதற்கு நல்ல உதாரணம். 'அரசன் உண்மையானவன், முறையானவன்' என்பது பொருள். முறையான வாரிசுக்கு இதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன? கி.மு. 24-ஆம் நூற்றாண்டில் அக்காத் பேரரசை நிறுவிய முதல் சர்கோனின் பிறப்பு பற்றி ஒரு கதை வழங்கியது: பெண் பூசாரி ஒருத்தி ரகசியமாகப் பெற்று, நாணல் கூடையில் வைத்து ஆற்றில் விட, நீர் இறைக்கும் அக்கி என்பவர் எடுத்து வளர்த்தாராம். இந்தக் கதையின் பிரதிகள் கிடைத்திருப்பது அசீரியப் பேரரசுக் காலத்திலிருந்து. அந்தக் காலத்தில்தான் இரண்டாம் சர்கோன் (கி.மு. 722-705) வந்தார். அவர் மூன்றாம் திக்லாத்-பிலேசரின் மகனாக இருக்கலாம். ஆனால் மற்ற அசீரிய மன்னர்களைப் போலத் தன் அப்பா, தாத்தா பெயரைக் கல்வெட்டு தோறும் வரிசைப்படுத்திச் சொல்வதில்லை. வம்சாவளி இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைய ஒரு பெரும்பெயர் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெயர் மீது அவருக்கு இருந்த பற்று அசாத்தியம். தூர்-ஷர்ருகின், 'சர்கோன் கோட்டை' என்று புதுத் தலைநகரமே கட்டினார். இன்றைய மோசுலுக்கு அருகில் உள்ள கோர்சபாத் அதுதான். அதன் மதிலின் சுற்றளவை 16,280-க்குச் சற்று மேற்பட்ட முழமாக அமைத்தேன், அது என் பெயரின் எண் என்று கல்வெட்டில் எழுதினார். கடவுளை எண்ணால் எழுதும் பண்பாட்டில் அரசர் பெயருக்கு எண் கண்டுபிடித்து அதை மதிலாகவே எழுப்பிவிட்டார். ஆனால் 705-இல் அனடோலியாவில் (இன்றைய துருக்கி) 'தபால்' (Tabal) என்ற பகுதியில் நடந்த போரில் இறந்தார், உடல்கூடக் கிடைக்கவில்லை. மகன் சனகெரிப் தலைநகரை நினிவேக்கு மாற்றிக்கொண்டார்.

அசீரியர்கள் பாபிலோனையும் சேர்த்து ஆண்டபோது சில மன்னர்களுக்கு இரண்டு பெயர் வழங்கியது. பாபிலோனிய அரசர் பட்டியல் ஒன்று 'பூலு' என்ற மன்னரைச் சொல்கிறது. வேதாகமத்திலும் அசீரியா ராஜாவாகிய பூல் வருகிறார். இவரும் மூன்றாம் திக்லாத்-பிலேசரும் ஒருவரே. பெயரின் நடுவில் உள்ள 'அபில்' சுருங்கிப் பூலு ஆனது என்று பலர் கருதுகிறார்கள். அடுத்து வந்த ஐந்தாம் சல்மனாசாருக்கு அங்கே உலுலாயு என்று பெயர். பாபிலோனிய நாட்காட்டியின் எலூல் மாதத்தில் பிறந்தவன் என்று பொருள். இளவரசராக இருந்தபோது அந்தப் பெயரில் அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. சல்மனாசார், 'சுல்மானு கடவுளே முதன்மையானவர்', அரியணைக்கான பெயர். வீட்டில் உலுலாயு.

பேரரசு தன் பிடிக்குள் வந்தவர்களின் பெயரையும் மாற்றியது. எகிப்தை வென்ற அசீரியர்கள், அங்கே தங்களுக்குக் கீழ் ஆண்ட நேக்கோவின் மகனுக்கு நபூ-ஷெசிபன்னி, 'நபூவே, என்னைக் காப்பாற்று' என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அசீரியரின் பிடியிலிருந்து எகிப்தை விடுவித்த முதலாம் சம்மெதிகஸ் இவர்தான் என்று கருதப்படுகிறது. தானியேலுக்கு பெல்தெஷாத்சார் என்று பெயரிட்ட கதை இந்த நடைமுறைக்கு அந்நியமானது அல்ல. அந்தப் பெயரும் 'அவன் உயிரைக் காப்பாற்று' என்ற அக்காதிய வாக்கியமாகத்தான் விளக்கப்படுகிறது.

பெயர் எதிர்த்திசையிலும் பயணம் செய்தது. வெளியிலிருந்து வந்து பாபிலோனை ஆண்டவர்கள் உள்ளூர்ப் பெயர்களுக்கு மாறினார்கள், சிலர் மாறிவிட்டுத் திரும்பினார்கள். சட்டத் தொகுப்புக்குப் பேர்போன பாபிலோன் மன்னர் ஹம்முராபியின் குடும்பம் அமோரியர்கள், வேறு மொழி பேசி மேற்கிலிருந்து வந்தவர்கள். தாத்தா அபில்-சின், அப்பா சின்-முபல்லித். இரண்டும் தெளிவான அக்காதியப் பெயர்கள். ஆனால் பிள்ளைக்கு வைத்தது அமோரியப் பெயர். அவருக்குப் பின் வந்த சம்சு-இலுனா, அம்மி-சதூகா எல்லாரும் அமோரியப் பெயர்க்காரர்களே. பாபிலோனியப் பெயருக்கு மாறியது ஒருவழிப் பாதை இல்லை என்பதை இது காட்டுகிறது. கி.மு. 1792 முதல் 1750 வரை ஆண்ட ஹம்முராபியின் புகழ் எவ்வளவு என்றால், குடிமக்கள் 'ஹம்முராபி-இலி', அதாவது 'ஹம்முராபி என் கடவுள்' என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். கடவுள் இருக்க வேண்டிய இடத்தில் அரசர்.

அடுத்து வந்த காசைட்டுகள் என்ற வேற்றுமொழி இனத்தார் நான்கு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டார்கள். புர்னபுரியாஷ், குரிகல்சு, நசிமருத்தாஷ் என்று அவர்களின் பெயர்களில் அக்காதியத்தின் சாயலே இல்லை. வம்சத்தின் கடைசிக் கட்டத்தில் மெலி-ஷிபாக் என்ற காசைட்டுப் பெயருள்ள மன்னர் தன் மகனுக்கு மர்துக்-அப்லா-இத்தினா என்று பெயர் வைக்கிறார். அங்கே ஒரு குடும்பம் முழுதாகப் பாபிலோனியர் ஆகிவிட்டது.

இந்த வேற்றுமொழிப் பெயர்கள் அந்தக் காலத்து அறிஞர்களையே யோசிக்க வைத்திருக்கின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அஷூர்பனிபால் நூலகத்தில் ஒரு பலகை இருக்கிறது. பழைய அரசர்களின் பெயர்களை ஒரு பக்கமும், அவற்றின் அக்காதியப் பொருளை எதிர்ப்பக்கமும் எழுதிய பட்டியல் அது. நசிமருத்தாஷ் என்றால் 'நினுர்தாவின் நிழல்'. மெலி-ஷிபாக் என்றால் 'மர்துக்கின் ஆள்'. ஹம்முராபி என்றால் 'பரந்த குடும்பம்'. ஹம்முராபியில் அவர்கள் சற்று வழுக்கிவிட்டார்கள். இன்றைய அறிஞர்கள் பலர் அதை 'உறவினனான தெய்வம் குணமாக்குகிறது' என்று படிக்கிறார்கள். எப்படி இருந்தாலும், தங்களுக்கு ஆயிரம் ஆண்டு முன்னால் வாழ்ந்த அரசரின் பெயருக்கு என்ன பொருள் என்று நினிவேயில் ஒருவர் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். நாம் இன்று செய்யும் வேலையை முதலில் தொடங்கியவர்கள் அவர்களே.

ஒரே பெயர் மறுபடி வரும் இடங்களையும் கவனிக்க வேண்டும். அஷூர்-உபல்லித், 'அஷூர் உயிரோடு வைத்தார்'. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அசீரியாவைத் தனி வல்லரசாக நிமிர்த்தி, எகிப்து மன்னருக்குச் சமமாகக் கடிதம் எழுதியவர் முதலாம் அஷூர்-உபல்லித். நினிவே விழுந்த பின் ஹாரானில் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்த கடைசி அசீரிய மன்னரும் இதே பெயரோடு ஆண்டார். அஷூர் நகரம் 614-இலேயே அழிந்துவிட்டதால், அங்கே அந்தக் கடவுள் முன்னால் முடிசூட்டிக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. 609-க்குப் பிறகு அவரைப் பற்றிய பேச்சே இல்லை.

பாபிலோனில் இந்த மறுபிறப்பு இன்னும் வெளிப்படை. முதலாம் நேபுகாத்நேச்சார் கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஏலாமியர் கொண்டுபோன மர்துக் சிலையை மீட்டு வந்தவர். எருசலேமை அழித்த இரண்டாமவர் 605 முதல் 562 வரை ஆண்டார். பலருக்குத் தெரியாதவர்கள் மூன்றாமவரும் நான்காமவரும். பாபிலோன் 539-இல் பாரசீகர் கையில் போனது. 522-இல் முதலாம் தாரியுஸ் ஆட்சியைப் பிடித்த குழப்பத்தில், நிதிந்து-பேல் என்பவர் பாபிலோனில் கிளர்ந்தெழுந்தார். 'நான் நபோனிதஸின் மகன் நேபுகாத்நேச்சார்' என்றார். தாரியுஸ் அவரைக் கொன்றார். அடுத்த ஆண்டே அராகா என்ற ஆர்மேனியர் எழுந்து, அதே வாக்கியத்தை அப்படியே சொன்னார். அவரும் கொல்லப்பட்டார். இரண்டையும் தாரியுஸ் பெஹிஸ்துன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் பொறித்துவைத்தார்.

தாரியுஸின் பார்வையில் இது பொய். ஆனால் பாபிலோனிய எழுத்தர்கள் அந்தச் சில மாதங்களில் கடன் பத்திரத்துக்கும் ரசீதுக்கும் 'பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சாரின் ஆண்டு' என்றுதான் தேதி போட்டார்கள். அப்பா என்று நபோனிதஸைச் சொன்னது சட்ட உரிமைக்காக. நேபுகாத்நேச்சார் என்ற பெயர் ஜனங்களுக்காக. நாற்பது ஆண்டுக்கு முன் இறந்த ஒருவரின் பெயரைச் சொன்னால் நகரம் பின்னால் வரும் என்று இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்து நம்பினார்கள். நகரமும் இரண்டு முறையும் வந்தது.

அந்தப் பெயர் அப்படி ஊறிப்போனதற்கு ஒரு காரணம் செங்கல். இரண்டாம் நேபுகாத்நேச்சார் கட்டிய மதில், கோயில், ஊர்வலப் பாதை எல்லாவற்றிலும் முத்திரை பதித்த செங்கற்கள் (எசாகிலா பாபிலோனில் மர்துக்கின் கோயில், எசிதா போர்சிப்பாவில் நபூவின் கோயில்): 'பாபிலோன் அரசன், எசாகிலாவையும் எசிதாவையும் பேணுபவன், நபோபொலாசரின் மூத்த மகன் நேபுகாத்நேச்சார் நான்.' 1980-களில் சதாம் உசேன் அந்த இடிபாடுகளின் மேல் சுவர் எழுப்பியபோது தன் பெயரைப் பொறித்த செங்கற்களை வைத்தது இதைப் பார்த்துத்தான்.

பாபிலோன் வாழ்ந்த காலத்திலேயே இந்த வாசகத்துக்கு இன்னொரு வாரிசு இருந்தார். அலெக்சாந்தருக்குப் பின் செலூக்கஸின் மகன் முதலாம் அந்தியோக்கஸ் பாபிலோனை ஆண்டார். கி.மு. 268-இல் போர்சிப்பா நகரில் நபூவின் எசிதா கோயிலைப் புதுப்பித்தபோது, அடித்தளத்தில் ஓர் உருளை வைத்தார். அக்காதிய மொழி, ஆப்பெழுத்து. அந்தியோக்கஸ் என்ற கிரேக்கப் பெயரை எழுத்தர் 'அன்-தி-உ-குஸ்' என்று அசை அசையாக எழுதியிருக்கிறார். அக்காதியத்தில் அதற்குப் பொருள் இல்லை, அது வாக்கியமும் இல்லை, வேண்டிக்கொள்ள அதில் கடவுளும் இல்லை. அந்தக் குறையை எழுத்தர் பட்டங்களில் ஈடுகட்டிவிட்டார். பெயரை அடுத்து வருவது பேரரசன், பாபிலோன் அரசன், 'எசாகிலாவையும் எசிதாவையும் பேணுபவன்', மாசிடோனிய அரசன் செலூக்கஸின் மூத்த மகன்.